ஒரே பலகை, இரண்டு காசாளர்கள்

மாதத்தின் முதல் வேலைநாள். ஓய்வூதியம் பெற வந்த முதியோர் காலை பத்து மணிக்கே வரிசையில் நிற்கின்றனர். காசாளர் முதல் பாஸ்புத்தகத்தைப் பிரிக்கிறார். கணினித் திரை அசையவில்லை. "லைன் இல்லை" என்னும் இரண்டு சொற்கள் கூடம் முழுவதும் பரவுகின்றன. பெட்டியில் பணம் இருக்கிறது. கணக்கில் இருப்பும் இருக்கிறது. ஆயினும் ஒரு ரூபாயும் வழங்க இயலவில்லை. நம்மில் பலர் இக்காட்சியைக் கண்டிருப்போம். இது நேராதிருக்க வங்கிக் கிளைகளில் செய்யப்படும் ஓர் ஏற்பாட்டை இங்குக் காண்போம்.

கோர் பேங்கிங் முறை வந்தபின் நமது கணக்கேடு கிளையில் இல்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. கிளையின் கணினிகள் விடுக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வாயிலைக் கடந்தே அங்குச் செல்ல வேண்டும். அந்த வாயிலில் இருந்து வழிகாட்டும் கருவியே ரூட்டர். அது பழுதானால் கிளை முழுவதும் தனித்துவிடும்.

'அப்படியாயின் இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைத்தால் போதாதா?' என்று நாம் கேட்கலாம். போதாது. ஒவ்வொரு கணினியிலும் வாயிலின் முகவரியாக ஓர் எண் மட்டுமே பதியப்பட்டுள்ளது. அந்த எண்ணுக்குரிய ரூட்டர் நின்றுவிட்டால், பக்கத்திலேயே மற்றொன்று நலமாக இருப்பதைக் கணினி அறியாது.

இதற்கான தீர்வை வங்கிக் கூடத்திலேயே காணலாம். 'காசாளர்' என்ற பலகையைப் பார்த்தே நாம் வரிசையில் நிற்கிறோம். உள்ளே அமர்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. ஒருவர் எழுந்து சென்று மற்றொருவர் அமர்ந்தாலும் வரிசை கலைவதில்லை. அவ்வாறே வாயில் முகவரியை எந்த ஒரு ரூட்டருக்கும் சொந்தமாக்காமல், இரண்டுக்கும் பொதுவான பலகையாக மாற்றினர். இம்முறைக்கான வி.ஆர்.ஆர்.பி. என்னும் பொது நெறிமுறை 1998-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. சிஸ்கோ நிறுவனம் உருவாக்கிய எச்.எஸ்.ஆர்.பி. என்னும் நெறிமுறையின் விவரமும் அதே ஆண்டில் வெளியாயிற்று.

வி.ஆர்.ஆர்.பி. முறையில் முதன்மை ரூட்டர், வழக்கமான அமைப்பில், விநாடிக்கு ஒருமுறை 'நான் பணியில் இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். மாற்று ரூட்டர் அதைக் கேட்டபடி காத்திருக்கும். ஏறத்தாழ மூன்றரை விநாடி வரை அறிவிப்பு வராவிடில், அது பொது முகவரியை ஏற்றுப் பணியைத் தொடங்கிவிடும். எச்.எஸ்.ஆர்.பி. முறையில் அறிவிப்பு 3 விநாடிக்கு ஒருமுறை. காத்திருக்கும் நேரம் 10 விநாடி. கணினிகளில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு ரூட்டர் உழைக்க மற்றொன்று வெறுமனே நிற்பது வீண் செலவன்றோ? அதற்கும் வழி உண்டு. பொது முகவரிகளை இரண்டாக வைத்து, கிளையின் கணினிகளில் பாதிக்கு ஒன்றையும் மீதிக்கு மற்றொன்றையும் வாயிலாகப் பதிவர். முதல் ரூட்டர் ஒரு முகவரிக்கு முதன்மை, மற்றதற்கு மாற்று. இரண்டாவது ரூட்டர் இதற்கு நேர்மாறு. பணம் கட்டும் சாளரத்துக்கு ஒருவர், பணம் பெறும் சாளரத்துக்கு ஒருவர் என அமர்ந்து, ஒருவர் வராத நாளில் மற்றவர் இரண்டையும் கவனிப்பது போன்றதே இது. இதுவே சுமைப்பகிர்வு.

ஆனால் இந்தச் சிக்கனத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இரு இணைப்புகளும் தலா 10 மெகாபிட் திறன் உடையவை என்று கொள்வோம். நாள்தோறும் ஒவ்வொன்றிலும் 7 மெகாபிட் செல்கிறது. எல்லாம் சீராகவே தோன்றும். ஒன்று அறுந்த அன்று 14 மெகாபிட் சுமை 10 மெகாபிட் வழியில் வந்து விழும்; கிளை முழுவதும் திணறும். எனவே நெரிசல் மிக்க நேரத்திலும் இரண்டின் மொத்தச் சுமை ஒன்றின் திறனுக்குள் அடங்க வேண்டும். காலியாகத் தோன்றும் அந்த இடமே நமது காப்பு.

மேலும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ரூட்டர் நலமாக இருந்து, அதிலிருந்து வெளியே செல்லும் கம்பி மட்டும் அறுந்திருப்பது. ரூட்டர்கள் கிளைக்குள்ளேயே பேசிக்கொள்வதால், 'பணியில் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு அப்போதும் வந்துகொண்டே இருக்கும். கோரிக்கைகளோ வெளியேற வழியின்றி மடியும். ஆகவே வெளிவழி அறுந்தால் தன் முன்னுரிமை எண்ணைத் தானே குறைத்துக்கொண்டு பொறுப்பை விட்டுக்கொடுக்குமாறு ரூட்டரை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டு கம்பிகளும் ஒரே பள்ளத்தில் செல்வது. சாலை தோண்டும் இயந்திரம் ஒரே வீச்சில் இரண்டையும் அறுத்துவிடும். இரு வேறு நிறுவனங்களிடம் இணைப்புப் பெற்றாலும் பள்ளம் ஒன்றாக இருக்கக்கூடும். ஒன்று தரைவழிக் கம்பியானால் மற்றொன்று கைப்பேசி வலையமைப்பாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ இருப்பது நன்று. ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. 1999-ஆம் ஆண்டு இந்திய வங்கிகளுக்கெனத் தொடங்கிய இன்ஃபினெட் வலையமைப்பு, தொடக்கத்தில் செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தது. இரு ரூட்டர்களும் ஒரே மின்காப்புக் கருவியில் இணைக்கப்பட்டிருந்தாலும் குறை இதுவே.

இவை அனைத்தும் சரியாக உள்ளனவா என்பதை அறிய, முதன்மை ரூட்டரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அவ்வப்போது இச்சோதனையைச் செய்வது அவசியம். நெருக்கடி நாளில் முதன்முறையாகச் சோதிக்கப்படும் மாற்று ஏற்பாட்டை நம்ப இயலாது.

பொறுப்பு கைமாறும் சில விநாடிகளில் நாம் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. திரை தயங்குவதால் பரிவர்த்தனை நடக்கவில்லை என்று பொருளன்று. தரவு மையத்தில் பற்று வைக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம். உடனே மீண்டும் பணம் அனுப்பாமல், இருப்பையும் குறுஞ்செய்தியையும் சரிபார்ப்போம். இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் பற்றானால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும். யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடில், அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வோம். அது நம் கையிலுள்ள மாற்று ஏற்பாடு.