"நல்லாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு மாத்திரை?"

தோட்டத்து மருந்தகத்தில் "அண்ணே, உங்களுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கு" என்று சொன்னால், உடனே வரும் பதில் இதுதான். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, தினமும் பழம் வெட்டப் போகிறேன், அப்புறம் என்ன நோய் என்று கேட்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே இப்படித்தான் பேசினார்கள்.

வயதானால் ரத்தக் குழாய் இறுகிவிடும், இறுகிய குழாயில் ரத்தம் ஓட அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் ஆபத்து என்று பலர் நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 1941-ல் 188/105. அதை அடக்க நல்ல மருந்து அன்றைக்கு இல்லை. 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். நாட்டை ஆண்டவருக்கே அந்தக் கதி.

பிறகு மருந்து வந்தது. இந்தியச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்தும் அதில் ஒன்று. ஆனாலும் நோவு என்று சொல்லாத ஆளுக்கு மருந்து எழுத டாக்டர்கள் தயங்கினார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ஃபிரைஸ் என்ற டாக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களில் 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 1967-ல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, நாலு பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேருக்குத்தான் பாதிப்பு. ஒருவரும் சாகவில்லை.

1970-ல், கீழ் அளவு 90 முதல் 114 வரை இருந்த 380 பேரிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது. ஐந்து வருசத்தில் பாதிப்பு வரும் வாய்ப்பு, நூற்றுக்கு 55-லிருந்து 18-ஆகக் குறைந்தது. அப்படியும் டாக்டர்களுக்கும் மக்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல 1972-ல் அந்நாட்டு அரசாங்கம் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 2019-ல் மலேசியாவில் எடுத்த கணக்குப்படி, பெரியவர்கள் பத்துப் பேரில் மூன்று பேருக்கு ரத்த அழுத்தம். அதில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஏன் தெரியவில்லை? ரத்தக் குழாய் வலித்துக் காட்டாது. உள்ளுக்குள்ளேயே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கும். ஒரு நாள் கை கால் இழுத்துக்கொண்டு, வாய் கோணிப்போன பிறகுதான் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும்.

ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

சளி காய்ச்சலுக்குக் கிளினிக் போனாலும், "டாக்டர், பிரஷரும் பாருங்க, எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஒரு தடவை கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90-க்கு இறங்கவில்லை என்றால், "இதுக்கு என்ன செய்யணும், மறுபடி எப்ப வரணும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுந்து வர வேண்டும்.

கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பைக் குறையுங்கள். சிகரெட்டை விடுங்கள்.

மாத்திரை கொடுத்தால், அளவு இறங்கிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இறங்கியதே மாத்திரையால்தான். தலை சுற்றல், கால் வீக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இந்த மாதச் சம்பளம் வாங்கும் முன் புருசன், பெண்டாட்டி இரண்டு பேரும் போய்ப் பார்த்து வந்துவிடுங்கள். கை நீட்டி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.