தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம்

ரயில் போக்குவரத்து, தொலைத்தொடர்பு, வங்கிப் பணி, மின்வழங்கல் ஆகிய அனைத்தும் இன்று ஒரே நேரத்தை நம்பி இயங்குகின்றன. மின்கட்டமைப்பில் பழுது ஏற்படும்போது எந்த இணைப்பு முதலில் துண்டிக்கப்பட்டது என்பதைக் கண்டறிய, தொலைவிலுள்ள துணை மின்நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டாக வேண்டும். அவற்றின் கடிகாரங்கள் ஒத்திராவிட்டால் காரணம் எது, விளைவு எது என்பதே புலப்படாது. எனவே, கடிகாரத்தைச் செய்வது மட்டும் போதாது. அதைத் தொடர்ந்து திருத்தும் ஏற்பாடும் வேண்டும். வானொலிக் கடிகாரம் அத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்றாகும்.

படிகத்தின் குறை

சாதாரண மின்னணுக் கடிகாரத்தினுள் சிறியதொரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். ஆனால் வெப்பநிலை மாற்றத்தாலும் நாட்பட்ட பயன்பாட்டாலும் படிகத்தின் அதிர்வு சிறிது பிறழும். நாளொன்றுக்கு அரை விநாடி பிழைத்தாலும் மாதத்திற்கு 15 விநாடி வேறுபாடு தோன்றிவிடும்.

சீசியம் அணுவோ பிறழாத அளவுகோலாகும். அதன் கதிர்வீச்சின் 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் சேர்ந்த காலமே ஒரு விநாடி என 1967-ல் உலக அளவில் வரையறுக்கப்பட்டது. வீடுதோறும் அணுக்கடிகாரம் வைப்பது இயலாது. அதன் நேரத்தை வானொலி அலையில் அனுப்புவது இயலும்.

ஒரு நிமிடச் செய்தி

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு அருகே மைன்ஃப்ளிங்கனில் உள்ள நிலையம் 77.5 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் நேரத்தை ஒலிபரப்புகிறது. 1973 முதல் நேரமும் தேதியும் குறியீடாக அனுப்பப்படுகின்றன. அந்நிலையத்தின் ஒலிபரப்பு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரை எட்டும்.

ஒவ்வொரு விநாடியின் தொடக்கத்திலும் அலையின் வலிமை குறைக்கப்படுகிறது. இக்குறைவு 0.1 விநாடி நீடித்தால் அது சுழியம், 0.2 விநாடி நீடித்தால் ஒன்று. நிமிடத்தின் கடைசி விநாடியில் குறைவு ஏதும் இராது. அந்த இடைவெளியே அடுத்த நிமிடத்தின் வருகையை அறிவிக்கிறது.

நிமிடத்தைக் குறிக்கும் ஏழு இடங்களுக்கு முறையே 1, 2, 4, 8, 10, 20, 40 என்ற மதிப்புகள் உண்டு. 37-ஆம் நிமிடமாயின் 1, 2, 4, 10, 20 ஆகிய ஐந்து இடங்களில் ஒன்று வரும். ஐந்து ஒற்றைப்படை எண். அதை இரட்டைப்படையாக்க எட்டாவது இடத்தில் மேலும் ஓர் ஒன்று சேர்க்கப்படும். மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால், வழியில் பிழை நேர்ந்துவிட்டது எனக் கடிகாரம் அறிந்துகொள்ளும். இரு பிழைகள் ஒருங்கே நேர்ந்தால் இச்சோதனை ஏமாறக்கூடும். ஆதலால் தொடர்ந்து வரும் செய்திகளையும் ஒப்பிட்டு, நேரம் ஒரு நிமிடம் மட்டுமே கூடியுள்ளதா எனச் சரிபார்ப்பதும் வழக்கம்.

பல கடிகாரங்கள் இரவில் மட்டும் இச்செய்தியைக் கேட்கின்றன. இரவில் குறுக்கீடு குறைவு. மின்கலச் செலவும் மிச்சம். எஞ்சிய நேரத்தில் பழைய குவார்ட்ஸ் படிகமே கடிகாரத்தை நடத்துகிறது. ஒரு நாளில் சேரும் சிறு பிழை அன்றன்றே களையப்படுவதால் அது பெருகுவதில்லை. கடிகாரத்தின் நம்பகம் இத்திருத்தத்தில்தான் அடங்கியுள்ளது.

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தகைய நெட்டலை நேர நிலையம் இல்லை. எனவே வெளிநாட்டிலிருந்து கொணரப்படும் வானொலிக் கடிகாரம் இங்கே சாதாரணக் கடிகாரமாகவே இயங்கும். இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. முன்னர் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக் குறியுடன் சிற்றலையில் நேரக்குறிகளை ஒலிபரப்பிய இக்கூடம், இன்று இணையத்தின் வழியாகவும் நேரத்தை வழங்குகிறது.

செயற்கைக்கோள்களும் நேரம் அறிவிக்கின்றன. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் உள்நாட்டிலேயே உருவான ரூபிடியம் அணுக்கடிகாரம் இடம்பெற்றது. பிற நாடுகளின் செயற்கைக்கோள் நேரத்தையே சார்ந்திருந்தால், அது தடைப்படும் நாளில் நம் மின்கட்டமைப்பும் தொலைத்தொடர்பும் இடருக்குள்ளாகும். சொந்த அணுக்கடிகாரமும் அதன் நேரத்தை எல்லா இடங்களுக்கும் கொண்டுசேர்க்கும் வழிகளும் நாட்டின் அடிப்படைத் தேவைகளாகிவிட்டன.