காற்றின் மேல் நிற்கும் வண்டி

1998-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் சில மாடல்களில் முன்பக்கத்தை எஃகுச் சுருள்வில்லும் பின்பக்கத்தை இரண்டு ரப்பர் பைகளில் அடைத்த காற்றும் தாங்குகின்றன.

வெறும் காற்றால் இது எப்படி முடிகிறது? ஒரு பையின் மேல் 500 கிலோ இறங்குகிறது, அதைத் தாங்கும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 கிலோதான் வருகிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவே.

எஃகுச் சுருளில் சுமை ஏறினால் வண்டி தாழும், அதன் ஆட்டமும் மந்தமாகும். காற்றுப்பை அப்படியல்ல. உயரத்தை அளக்கும் சென்சார் தாழ்வை உணர்ந்ததும் கம்ப்ரசர் காற்றை ஏற்றுகிறது. சுமைக்கேற்ப அழுத்தமும், அழுத்தத்துக்கேற்ப பையின் விறைப்பும் கூடுவதால், ஓட்டுநர் மட்டும் இருந்தாலும் குடும்பமே ஏறினாலும் வண்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆடும்.

கோளாறு வந்தால் வண்டி தாழும் விதமே துப்புத் தரும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் மட்டும் படுத்திருந்தால், அந்தப் பக்கத்துப் பை, குழாய், வால்வு மூன்றில் ஒன்று கசிகிறது. தாழாமல் கோணலாகவே நின்றால் சென்சாரைப் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் சோதிக்கலாம். சத்தம் கேட்டும் வண்டி எழவில்லையென்றால் பெரிய கசிவு இருக்கலாம், அல்லது கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம்.

லேசான தாழ்வு எல்லாமே கோளாறு ஆகிவிடாது. வெப்பம் 30 டிகிரி செல்சியஸிலிருந்து 20-க்கு இறங்கினால், எடை மாறாததால் பையின் அழுத்தம் மாறாது. காற்றின் கனஅளவுதான் சுமார் 3 சதவீதம் சுருங்கும். அதற்கு மேல் தாழ்ந்தால் கசிவைத் தேடலாம்.

சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். பையின் அடியில் ரப்பர் மடிந்து உருளும் இடத்தைத் தவறாமல் பாருங்கள். ஓயாத மடிப்பாலும் அங்கே சேரும் மண்ணாலும் வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் விழும். வண்டியைக் காற்றை நம்பித் தூக்கிவிட்டு அடியில் கை நீட்டாதீர்கள்; சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும்.

பல வண்டிகளில் கம்ப்ரசர் கெடுவதற்குக் காரணமே சிறு கசிவுதான். இழந்த காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, சூடேறி அது கருகுகிறது. கசிவை அடைக்காமல் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.