குளம் காணாத தவளை

பூந்தொட்டியைக் கிளறியபொழுது மண் ஒட்டிய சிறு முட்டைகள் சில கிடைத்தனவென்றும், அவற்றுள் ஒன்றினுள்ளே கால் முளைத்த தவளைக்குஞ்சு அசைந்ததைக் கண்டதாகவும், குளமோ குட்டையோ இல்லாத இடத்தில் இஃது எங்ஙனம் சாத்தியமென்றும் குண்டசாலை வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார்.

அவர் கண்டவை 'சூடோபிலாட்டஸ்' எனும் புதர்த் தவளை இனத்தின் முட்டைகளாதல் வேண்டும். இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலுமன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத இவ்வினத்தில் 70க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கண்டிப் பிரதேசத்து வீட்டுத் தோட்டங்களில் வாழும் ஒன்றுக்கு, 2005இல், நாட்டுப்புறம் என்று பொருள்படும் 'ரஸ்' எனும் லத்தீன் நாமம் சூட்டப்பட்டது.

இவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. முட்டையினுள்ளேயே அங்கங்கள் யாவும் பூர்த்தியாகி, குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. இதனினும் என்னைக் கவர்ந்த விநோதம் ஒன்றுண்டு. இவற்றுட் பலவற்றில், பெண் தவளை சருகை விலக்கிச் சிறு குழி பறித்து முட்டையிட்டபின், பின்னங்கால்களால் அவற்றை மண்ணோடு பிசறிவிடுகிறது. பயற்றங்கொட்டையை வண்டு அரிக்காதபடி என் தாயார் அடுப்புச் சாம்பலில் பிசறிப் பானையிலிடும் அதே லாவகம்! பார்ப்பவர் கண்ணுக்கு அவை வெறும் மண் உருண்டைகளே.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரப் பகுதியின் காட்டிலிருந்து, 2015இல்தான், மெண்டிஸ் விக்ரமசிங்கவும் சகாக்களும் இவ்வினத்துப் புதிய வகையொன்றை உலகுக்கு அறிவித்தனர். எம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலையிலே அது பெயரின்றி வாழ்ந்திருக்கிறது. பெயர் பெற்றும் மறைந்தவையோ 15க்கும் அதிகம். நூதனசாலைப் போத்தல்களில் மாத்திரமே அவை எஞ்சியுள்ளன.

குளத்து முட்டை, வாற்பேய், தவளை என்று சுவர்ப்படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், அவர்தம் முற்றத்துத் தவளையின் சரித்திரத்தைச் சொல்லுவதில்லை. அம்முட்டைகளுக்கு வேண்டுவது குளமன்று, ஈரம் காக்கும் சருகு. அதனையோ குப்பையென்று காலைதோறும் கூட்டிக் கொளுத்துகிறோம். நானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன்.

இவ்வருஷம் பல்லேகல வீட்டுப் பலாமரத்தடியை மாத்திரம் பெருக்காமல் விட்டிருந்தேன். சென்ற மழையின் மறுநாள், சுண்டுவிரல் நகத்தளவேயான தவளையொன்று, வால் இருந்த சுவடேயின்றி, பழுத்த பலாவிலையின் மேல் அமர்ந்திருந்தது.