ஃபர்னஸ் ஓடுது, ஆனா வண்டிக்குள்ள குளிருதா? ஆர்.வி வீடுகளின் குளிர்காலப் பிரச்னையும் தீர்வும்!

'நோமேட்லேண்ட்' படம் பார்த்திருக்கீங்களா? 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். வேனையே வீடாக்கிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவரும் ஒரு பெண்ணின் கதை. அங்கே நிஜத்திலும் வண்டியிலேயே குடியிருப்பவர்கள் உண்டு. லீவு கிடைத்தால் ஆர்.வி-யைக் கிளப்பிக்கொண்டு ராக்கி மலைப்பக்கம் போகிறவர்களும் உண்டு. படுக்கை, கிச்சன், பாத்ரூம் எல்லாம் உள்ள நடமாடும் வீடுதான் ஆர்.வி.

சம்மரில் எல்லாம் ஜாலிதான். ஆனா, வெளியே பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே இறங்கும் ராத்திரியில், வென்ட்டில் கை வைத்துப் பார்த்தால் காத்து மெல்லமா மூச்சு விடுற மாதிரி வந்தா? தூக்கம் போச்சு. தூக்கம் மட்டுமில்ல... பல மாடல்களில் தண்ணீர் டேங்க்கும் பைப்பும் இருக்கும் அடிப்பகுதியைச் சூடாக வைத்திருப்பதும் இதே காத்துதான். அது குறைஞ்சா பைப்பில் தண்ணீர் உறைந்து, வெடிப்பு விட்டு, பெரிய செலவு வைக்கும்.

உள்ளே என்ன நடக்குது?

ஆர்.வி ஃபர்னஸ் எரிவது புரொப்பேன் கேஸில். காத்தைத் தள்ளும் புளோயர் ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். தெர்மோஸ்டாட் 'சூடு வேணும்' என்றதும் முதலில் புளோயர்தான் சுத்தும். அந்தக் காத்து 'செயில் ஸ்விட்ச்' என்ற சின்னத் தகட்டைத் தள்ளும். தகடு முழுசா நகர்ந்தால்தான் கேஸ் திறந்து, தீப்பொறி வந்து, பர்னர் பற்றும்.

அதாவது, காத்து பத்தலைன்னா நெருப்பே வராது. 'ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா குளிர்காத்துதான் வருது' என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். அதேபோல, கேஸ் தீர்ந்தா காத்து குறையாது. சூடு இல்லாத காத்து முழு வேகத்தில் வரும். அதனால காத்து பலவீனமா இருக்கும்போது சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

முதல்ல ஒரு டிஷ்யூ டெஸ்ட்

ஒரு டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு வென்ட் முன்னாலும் பிடிச்சுப் பாருங்க. ஒரே ஒரு வென்ட்டில் மட்டும் காத்து குறைவுன்னா, அதுக்குப் போகும் குழாயில் பிரச்னை. எல்லா வென்ட்டிலும் குறைவுன்னா, பேட்டரி, காத்து உறிஞ்சும் கிரில், புளோயர்... இந்த மூன்றில் ஒன்று.

1. பேட்டரி

பெரிய ஃபர்னஸின் புளோயர் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது. ஆக, கையில் இருப்பது 50. தொடர்ந்து ஓடினால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். ராத்திரி பத்து மணிக்கு நல்லா வந்த காத்து, விடியற்காலை நாலு மணிக்குச் சோர்ந்துபோவது இதனால்தான்.

செக் பண்ணுவது சிம்பிள். கேம்ப் கிரவுண்டின் கரன்ட்டையோ, ஜெனரேட்டரையோ கனெக்ட் பண்ணுங்க. உடனே காத்து வேகமெடுத்தா, குற்றவாளி பேட்டரிதான். மல்டிமீட்டர் இருந்தா, புளோயர் ஓடும்போதே அளந்து பாருங்க. 11 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினா பேட்டரியை சார்ஜ் பண்ணணும், இல்லைன்னா மாத்தணும். பேட்டரியில் சரியா இருந்து, ஃபர்னஸ் பக்கம் மட்டும் வோல்ட்டேஜ் குறைஞ்சா, துருப்பிடித்த டெர்மினலையும் லூஸான ஒயரையும் பாருங்க.

2. காத்து உறிஞ்சும் கிரில்

வெளியே தள்ளணும்னா முதல்ல உள்ளே இழுக்கணும் இல்லையா? அறையிலிருந்து காத்தை இழுக்கும் கிரில் முன்னால் பெட்டி, ஷூ, போர்வை அடுக்கியிருந்தா ஃபர்னஸுக்கு மூச்சு முட்டும். நாய், பூனை இருக்கும் வண்டியில் முடியும் தூசும் படையா ஒட்டியிருக்கும். வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிஞ்சது.

3. டக்ட்

காத்து போவது பெரும்பாலும் வளையக்கூடிய 4 இன்ச் குழாய்களில். அலமாரியில் திணிச்ச சாமான் அதை நசுக்கியிருக்கலாம், ஓட்டத்தில் ஆடி ஆடி இணைப்பு கழன்றிருக்கலாம், எலி கடிச்சு ஓட்டை போட்டிருக்கலாம். குழாயை நேராக்கி, இணைப்பை கிளாம்ப்போ ஃபாயில் டேப்போ போட்டு இறுக்குங்க.

4. வென்ட்டை மூடுறீங்களா?

'பெட்ரூமுக்கு அதிகம் வரட்டும்' என்று மற்ற வென்ட்டுகளை மூடுவது பலரோட பழக்கம். வெளியேற வழியில்லாத சூடு ஃபர்னஸுக்குள்ளேயே தேங்கும். உடனே 'லிமிட் ஸ்விட்ச்' பர்னரை அணைத்துவிடும். புளோயர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். எத்தனை வென்ட் திறந்திருக்கணும்னு மேனுவலில் இருக்கும், அதைக் குறைக்காதீங்க.

5. புளோயர் சக்கரம்

மேலே சொன்ன எதுவும் இல்லைன்னா, சக்கரத்தின் இதழ்களில் பஞ்சு மாதிரி தூசு அடைத்திருக்கலாம், மோட்டார் தேய்ந்திருக்கலாம். கீச்சென்ற சத்தம் அதற்கான அடையாளம். இதைக் கழற்றுவது டெக்னீஷியன் வேலை.

இது விளையாட்டு இல்ல!

ஃபர்னஸ் எரியத் தேவையான காத்து வெளியிலிருந்து தனி வழியாக வரும். புகையும் வெளியேதான் போகும். அந்த வாயில் குளவி கூடு கட்டினாலோ, உள்ளே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் விட்டாலோ கார்பன் மோனாக்ஸைடு வண்டிக்குள் வரலாம். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தா, டிடெக்டர் கத்தினா, உடனே எல்லாரும் வெளியே வந்து உதவிக்கு போன் பண்ணுங்க. புகை வாயைச் சுற்றி கரி படிஞ்சிருந்தா ஃபர்னஸைப் போடவே கூடாது. அழுகிய முட்டை வாடை அடிச்சா கேஸ் கசிவு... ஸ்விட்ச் எதையும் தொடாம வெளியேறி, சிலிண்டரை மூடுங்க.

குளிருதேன்னு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்க நினைக்கவே வேண்டாம். அடைத்த சின்ன இடத்தில் அதுவும் அதே விஷவாயுவைக் கொண்டுவரலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாளே வீட்டு வாசலில் வைத்து அரை மணி நேரம் ஃபர்னஸை ஓட்டிப் பாருங்க. டிடெக்டரின் டெஸ்ட் பட்டனையும் ஒருமுறை அமுக்கிடுங்க. மலையில் நடுராத்திரி மெக்கானிக் தேடுறதைவிட அது ரொம்ப ஈஸி!