போர்க்களமும் ஊசிநூலும்: பிரெஸ்டன்பான்ஸ் சித்திரத்தையல் பற்றிய ஒரு நோக்கு

போர்களின் நினைவைப் பேணும் உரிமை யாருக்குரியது என்னும் வினா வரலாற்றாசிரியருக்கு மாத்திரமன்றிக் கலை இலக்கிய ஆய்வாளருக்கும் உரியதொன்றாகும். அரசுகள் தூபிகளை எழுப்புகின்றன. வென்றவர்கள் வரலாற்றை எழுதுவிக்கின்றனர். போர் நிகழ்ந்த மண்ணில் உழைத்து வாழ்ந்த மக்கள் இந்நினைவாக்கத்திற் பெறும் இடம் மிகச் சிறிது. இந்நிலைக்கு மாறாக எழுந்த ஒரு முயற்சி என்ற வகையில், ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள பிரெஸ்டன்பான்ஸ் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு 2010இல் நிறைவுபெற்ற சித்திரத்தையல் ஆராயத்தக்கது.

பிரித்தானிய முடியைத் தம் தந்தைக்கு மீட்க வந்த இளவரசர் சார்ல்ஸ் எட்வேட் ஸ்ருவாட்டின் படை, 1745 செப்டெம்பர் 21ஆம் நாள் விடியலில், சேர் ஜோன் கோப் தலைமை தாங்கிய அரச படையை இவ்வூரருகே தாக்கிற்று. உள்ளூரவர் ஒருவர் வழிகாட்ட, இளவரசரின் வீரர்கள் இருளிற் சதுப்புநிலத்தைக் கடந்திருந்தனர். மோதல் சில நிமிடங்களில் முடிந்தது. அரச படையில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். எனினும், 1746 ஏப்ரல் 16இல் கலோடனில் இளவரசர் அடைந்த பெருந்தோல்வியே பொது நினைவில் நிலைத்தது. பிரெஸ்டன்பான்ஸ் அதன் நிழலில் மறைந்தது.

அம்மறதியை முதலில் எதிர்த்து நின்றது பாடலே எனலாம். அப்பகுதி விவசாயியான அடம் ஸ்கேர்விங் இயற்றியதாகக் கூறப்படும் 'ஜொனி கோப்' என்னும் பாடல், தோற்றோடிய தளபதியை எள்ளி நகையாடுவது. பிற்காலத்தில் அதன் மெட்டு ஸ்கொட்லாந்துப் படையணிகளில் வீரரைத் துயிலெழுப்பும் குழலிசையாயிற்று. அரச தளபதியை இகழப் பிறந்த இசை அரச படையின் உடைமையானமை கவனத்திற்குரியது. மக்களிடையே தோன்றிய கலை, அதனைக் கையாளும் நிறுவனத்தின் தேவைக்கேற்பத் தன் பொருளை இழக்கவுங் கூடும்.

சித்திரத்தையலுக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1066இல் நோமானியர் இங்கிலாந்தை வென்றமையைக் காட்டும் பாயோ சித்திரத்தையலாகும். அது ஏறத்தாழ 70 மீற்றர் நீளமானது. இது 104 மீற்றர். ஓவியர் அன்ட்ரூ கிரமி வரைந்த கோடுகளை, 200க்கு மேற்பட்ட தொண்டர்கள், லினன் துணியிற் கம்பளி நூல் கொண்டு உருவாக்கினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் செலவிட்ட நேரம் 25,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகின்றது.

இக்கூட்டுமுயற்சிக்கு ஒரு முன்வரலாறு உண்டு. ஓவியரின் தாயார் ஹெலன் கிரமி, எடின்பரோவின் வறிய குடியிருப்பான கிறெய்க்மில்லரில் வாழ்ந்தவர். தம் மகனுக்கு வயலின் கற்பிக்குமாறு பாடசாலையை வேண்டியபோது அவருக்கு மறுப்பே கிடைத்தது. அதன் விளைவாக அங்குள்ள தாய்மார் ஒன்றுகூடி 1960களின் தொடக்கத்தில் விழாவொன்றை நடத்தினர். அது கிறெய்க்மில்லர் விழாச் சங்கமாக வளர்ந்தது. கலை வசதி படைத்தோரின் தனியுரிமையன்று என்னும் அக்கருத்தின் தொடர்ச்சியை இத்துணியிலும் காணலாம்.

எனினும், கூட்டாக ஆக்கப்பட்டமை ஒன்றினாலேயே ஒரு படைப்பு மக்கள் வரலாறாகிவிடாது. இச்சித்திரத்தையலின் கதைத் தலைவர் இளவரசரே. ஆனால், 1745இல் அம்மண் நிலக்கரியும் உப்பும் விளைந்த மண். கோப்பின் பீரங்கிகள் நின்றது நிலக்கரி வண்டிகள் ஓடிய மரத்தண்டவாளப் பாதையருகே. அத்தொழில்களில் ஈடுபட்டோர் 1606ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதலாளியுடன் வாழ்நாள் முழுதும் பிணிக்கப்பட்டோர். முழு விடுதலை 1799இலேயே அவர்களுக்குக் கிட்டியது. அத்தளையை அறுப்பது போரிட்ட இரு தரப்பினரின் நோக்கமுமன்று.

கைகள் மக்களுடையவை, கதை அரச குலத்தினது என்னும் இம்முரண்பாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். ஆயின், இம்முயற்சி அவ்வளவில் நின்றுவிடவில்லை. இதன் தூண்டுதலாற் பிறந்து, அதே ஓவியரின் வரைவில் 2013இல் நிறைவெய்திய ஸ்கொட்லாந்தின் பெருஞ்சித்திரத்தையல், ஏறத்தாழ ஆயிரம் பேரின் உழைப்பில், ஒரு போரைக் கடந்து முழுச் சமூகத்தின் வரலாற்றையும் பொருளாகக் கொண்டது. ஊசியைக் கையிலெடுத்த மக்கள் காலப்போக்கிற் கதையையும் கையிலெடுப்பர் என்பதற்கு இது சான்றாகும். மறக்கப்பட்ட போர்களை நினைவுகூர முனைவோர், எவ்வாறு நினைவுகூர்வது என்பதோடு யாரை நினைவுகூர்வது என்றும் வினவுதல் அவசியம்.