கிரகணத்தன்று மட்டும்தான் உலக்கை நிற்குமா?

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. ஜொகூரில் இருப்பவர்கள் பலருக்கு இந்தத் தேதி இன்னும் நினைவிருக்கும். அன்று நண்பகலுக்குப் பின் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. தீபகற்ப மலேசியாவில் அதைக் காணப் பலரும் தேடிப்போன இடம் பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. அதே நிலா நிழல் கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் எல்லாம் கடந்துதான் நம்மிடம் வந்தது.

வானொலியில் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார். பாட்டி தோட்டத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த உலக்கை. அம்மா கையை எடுத்தார். உலக்கை ஆடாமல் நின்றது.

"பார்த்தியா தம்பி? கிரகணம் பிடிச்சிருக்கு. அதான் நிக்குது."

உள்ளே அறையில், சன்னலெல்லாம் சாத்தி, திரை போட்டு, என் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரைக்காக இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது அம்மா சொன்னது. கிரகணமோ காலை பதினொன்றரை வாக்கில் தொடங்கி, மூன்றேகால் மணிக்குத்தான் முடிய இருந்தது.

"டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

"நீதானே காலையில ரேடியோவில சொன்னே, பெரியவங்க சொன்னா அதில் காரணம் இருக்கும்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. சொன்னது நான்தான். கர்ப்பிணிகள் வெளியே போகலாமா, சாப்பிடலாமா என்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார். யார் மனமும் நோகாமல் சமாளிக்க அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். எத்தனை வீட்டில் எத்தனை பேர் அதைக் கேட்டுப் பட்டினி கிடந்தார்களோ!

வரையப்படாத படங்கள்

நானூறு ஆண்டுகளுக்கு முன், 1620-இல், இங்கிலாந்தில் பிரான்சிஸ் பேக்கன் என்பவர் 'நோவம் ஆர்கனம்' என்ற நூலை லத்தீன் மொழியில் வெளியிட்டார். இயற்கையை அறிய பழைய நூல்களைப் புரட்டினால் மட்டும் போதாது, நேரில் பார்த்து, சோதித்து, பொறுமையாகப் படிப்படியாக முடிவுக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். அறிவியல் முறை என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்த நூலில் பழங்காலக் கதை ஒன்று வருகிறது. கடலுக்குப் போகுமுன் நேர்ந்துகொண்டு, கப்பல் உடைந்தும் உயிர் தப்பியவர்களின் படங்களைக் கோயிலில் மாட்டி வைத்திருந்தார்கள். அவற்றை ஒருவருக்குக் காட்டி, இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டார்கள். அவர் திருப்பிக் கேட்டார்: நேர்ந்துகொண்ட பிறகும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே?

நம் மனம் பலித்ததை நினைவில் வைத்துக்கொள்கிறது, பலிக்காததை மறந்துவிடுகிறது என்கிறார் பேக்கன். படித்தவர், படிக்காதவர் என்றில்லை. எல்லா மனிதர் மனத்துக்கும் இது பொதுவான குறை. அதனால்தான் மனத்தை மட்டும் நம்பாமல், அதைத் திருத்த ஒரு முறை வேண்டும் என்றார்.

அம்மாவின் பயத்துக்கும் ஒரு படம் உண்டு. தோட்டத்தில் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கிரகணத்தன்று வெளியே போனாராம். அவருக்குப் பிறந்த பிள்ளைக்கு உதடு பிளவுபட்டிருந்ததாம். அந்த ஒரு படம்தான் அம்மா மனத்தில் இத்தனை ஆண்டுகளாக மாட்டியிருந்தது.

அன்று ஒரு மணி வாக்கில் தங்கை கூப்பிட்டாள். "கை நடுங்குதுண்ணே." இனி பேச நேரமில்லை என்று சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா வாசலை மறித்து நின்றார். "உனக்குத் தெரியாதுப்பா" என்றபோது குரல் உடைந்தது. அது பிடிவாதமில்லை, பயம் என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, அன்னிக்குத் தோட்டத்தில் வேற யாரும் மாசமா இல்லையா? அவங்க யாரும் வேலைக்குப் போகலையா?"

அம்மா யோசித்தார். பால் மரம் வெட்டினால்தான் அன்றைய கூலி. கிரகணம் என்று யார் வீட்டில் உட்கார்ந்தார்கள்? "போனாங்க" என்றார் மெதுவாக. "நாலஞ்சு பேர் இருக்கும்."

"அவங்க பிள்ளைகளுக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. வாசலை விட்டு விலகினார். தங்கை சாப்பிட்டாள்.

41 விநாடிப் பெருமை

அன்று காலை நான் செய்த தவறு இன்னொன்றும் உண்டு. புலனத்தில் வந்த ஒரு செய்தியை நிகழ்ச்சியில் பெருமையோடு வாசித்தேன். அது உண்மைச் செய்திதான்.

ல ஜான்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761-இல் அவர் வந்துசேருமுன் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தபடி சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு 1769-இல். ஊர் திரும்பாமல் காத்திருந்தார். புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டித் தயாராக இருந்தார். அந்த நாள் காலையில் மேகம் மறைத்துவிட்டது. 1771-இல் பிரான்சுக்குத் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு செய்து உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதி சந்திர கிரகணத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் நீடிக்கும் நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதல். நம் கணக்குதான் நெருக்கம்!

இதை வாசித்து முடித்ததும் குளுவாங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார். "நல்ல செய்தி தம்பி. ஆனா ஒரே ஒரு கிரகணத்தைத்தானே சொன்னீங்க? மத்த கிரகணங்களில் என்ன ஆச்சு?" என்றார். தேடிச் சொல்கிறேன் ஐயா என்றேன். உண்மையில் தேடியது, அம்மாவுடன் பேசிய அந்தப் பகலுக்குப் பிறகுதான்.

விடை 1825-இல் இருந்தது. சென்னை வான் ஆய்வகத்தை முன்பு கவனித்துவந்த ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைச் சந்தித்தார். அவர் கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து வைத்த வாக்கியங்கள் அவை. நிலவின் ஓட்டத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் கணக்கு? கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம் பிசகு. நடுநேரத்தில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம்.

41 விநாடியும் நம்முடையதுதான், 52 நிமிடமும் நம்முடையதுதான். முதலாவது புலனத்தில் ஓயாமல் சுற்றுகிறது. இரண்டாவதை யாரும் அனுப்புவதில்லை. மூழ்கியவர்களின் படத்தை நாமும் மாட்டவில்லை.

வானத்தைப் பார்த்துத் திருத்துவது

இதனால் நம் முன்னோர் அறிவில் குறைந்தவர்கள் என்று ஆகாது. வானத்தை ஆண்டாண்டாகப் பார்த்தவர்கள்தான் அந்த வாக்கியங்களை எழுதியிருக்க முடியும். சிக்கல் அதற்குப் பிறகு. சூத்திரம் கைக்கு வந்ததும், வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் பழக்கம் தளர்ந்தது. சின்னப் பிசகு ஆண்டுக்காண்டு சேர்ந்து பெரிதாகியது.

இது பழங்கதையும் அல்ல. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இன்றும் நம் வீடுகளில் உண்டு. 2023-இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. ஒரே சனிக்கோள், பதினொரு மாத வித்தியாசம்!

சென்னை வான் ஆய்வகத்தில் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இந்த இடைவெளியைக் குறைக்கப் பாடுபட்டவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். நேரடி வான்நோக்கு அளவுகளுக்கு ஏற்பப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்றார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி இருவர் உரையாடலாக ஒரு சிறு நூல் எழுதினார். மரபைத் தூக்கி எறியாமல், அதை மீண்டும் வானத்தைப் பார்க்க வைத்தார்.

லண்டனில் 1660-இல் தொடங்கிய ராயல் சொசைட்டியின் குறிக்கோள் வாசகத்துக்குப் பொருள், யார் வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்காதே என்பது. சொல்பவர் அரசரோ, அறிஞரோ, வானொலி அறிவிப்பாளரோ, யாராக இருந்தாலும்தான்.

மறுவாரம் நிகழ்ச்சியில் 52 நிமிடத்தைப் பற்றியும் சொன்னேன். கர்ப்பிணிகள் பற்றி நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். கிரகணத்தில் உண்மையான ஆபத்து கண்ணுக்குத்தான். தகுந்த கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கக் கூடாது. அது எல்லாருக்கும் பொது. சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. குளுவாங் ஐயா மறுபடி அழைத்து, "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் மாதம் தங்கைக்குப் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. 'பார்த்தீங்களாம்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஒரு பிள்ளையை வைத்துப் பயப்படுவது சரியில்லை என்றால், ஒரு பிள்ளையை வைத்து நான் ஜெயிப்பதும் சரியில்லை.

உலக்கை என்ன ஆனது என்று கேட்பீர்கள். கிரகணம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, அம்மாவே அதைக் கூடத்துக்கு எடுத்து வந்தார். நான் கேட்கவில்லை. அதே தாம்பாளம், அதே தண்ணீர். இரண்டு முறை சாய்ந்தது. மூன்றாவது முறை கையை எடுத்தார். நின்றது. அடி தட்டையான, கனமான நல்ல உலக்கை. பொறுமையாக வைத்தால் எந்த நாளிலும் நிற்கும்.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட மத்த நாளில் நிறுத்திப் பார்க்கத் தோணலையே, தம்பி."